ஸ்டீவ் புளூமர்: கோல் கணக்கும் கூலிக் கணக்கும்

கடைசிபெஞ்ச்:

பழைய இங்கிலாந்துக் கால்பந்தாட்டக்காரர் ஸ்டீவ் புளூமர் பற்றி ஒரு நீண்ட கட்டுரை தயார் பண்ணுகிறேன். 1874 ஜனவரி 20, கிரேட்லியில் பிறந்தார். 1938 ஏப்ரல் 16, டெர்பியில் இறந்தார். இதில் யாருக்கும் சண்டை இல்லை. நடுவில்தான் இடிக்கிறது.

ஒரு இடத்தில் 352 கோல் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 332, வேறொரு இடத்தில் 314. எதை எடுப்பது? அடுத்து, 1906-ல் டெர்பி கவுண்டி கிளப் இவரை மிடில்ஸ்பரோ கிளப்புக்கு 750 பவுண்டுக்கு விற்றது. தலையில் வைத்துக் கொண்டாடிய ஆளை ஏன் விற்றார்கள், அந்தப் பணத்தில் இவர் கைக்கு எவ்வளவு வந்தது? மூன்றாவது, அந்தக் காலத்துக் கோலை இந்தக் காலத்துக் கோலோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறதா? கடைசியாக, முதல் உலகப் போரில் ஜெர்மனியில் மாட்டிக்கொண்டார் அல்லவா, அதை "போர்க் கைதி" என்று எழுதலாமா?

தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகவே சொல்லுங்கள்.

ஸ்கோர்புக்:

மூன்று எண்ணும் சரிதான், ஆனால் மூன்றும் வேறு வேறு கணக்கு.

352 என்பது ஃபுட்பால் லீக் ஆட்டங்களில் மட்டும் அடித்தது. டெர்பி, மிடில்ஸ்பரோ இரண்டு கிளப்பும் சேர்த்து, முதல் டிவிஷன் (மேல் அடுக்கு), இரண்டாம் டிவிஷன் (அதற்குக் கீழ் அடுக்கு) இரண்டும் சேர்த்து. அதில் இரண்டாம் டிவிஷனைக் கழித்தால் 314. புளூமர் போன அடுத்த ஆண்டே, 1907-ல், டெர்பி கீழே இறங்கிவிட்டது. 1910-ல் அவர் திரும்பி வந்தபோதும் கீழேதான் கிடந்தது. 1911–12 சீசனில் சாம்பியனாகித்தான் மேலே ஏறியது. ஆக இரண்டு சீசன் கோல்கள் 314-க்கு வெளியே நிற்கின்றன. 332 முழுக்க டெர்பி கணக்கு: லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் கோப்பைப் போட்டி) சேர்த்து 525 ஆட்டம். கிளப் சாதனையாக இன்றைக்கும் அதுதான் நிற்கிறது.

பலர் செய்யும் தவறு, 352-ஐயும் 332-ஐயும் ஏதோ ஒரு வகையில் கூட்டிப் பார்ப்பது. டெர்பியின் லீக் கோல்கள் இரண்டிலும் இருக்கின்றன, இரட்டிப்பாகிவிடும்.

சில பட்டியல்களில் 314-க்குப் பதில் 317 வரும். பதற வேண்டாம். இது யார் கோல் என்று பிறகு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் குழு எதுவும் அன்று கிடையாது. சட்டையில் எண்ணும் கிடையாது. லீக்கில் அது கட்டாயமானது 1939-ல்தான். கோல் வாயில் எட்டுப் பேர் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது உள்ளே போன பந்தை ஒரு நிருபர் புளூமர் பெயரில் எழுதுவார், இன்னொருவர் பக்கத்தில் நின்றவர் பெயரில் எழுதுவார். எந்தப் பட்டியலை எடுக்கிறீர்களோ, கட்டுரை முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பாதியில் மாற்றினால்தான் கணக்கு இடிக்கும்.

சீசன் வாரியாக எழுதுவதாக இருந்தால் பக்கத்திலேயே ஆட்ட எண்ணிக்கையும் வேண்டும். அவர் தொடங்கிய 1892–93-ல் முதல் டிவிஷனில் 16 அணிகள், ஆளுக்கு 30 ஆட்டம். 1898-லிருந்து 18 அணி, 34 ஆட்டம். 1905-லிருந்து 20 அணி, 38 ஆட்டம். இது தெரியாமல் "ஒரு சீசனில் இவ்வளவுதானா" என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து சீசன்களில் முதல் டிவிஷனில் அதிகக் கோல் அடித்தவர் இவர். அதில் 1895–96 மட்டும் ஆஸ்டன் வில்லாவின் ஜானி கேம்பலோடு பகிர்ந்துகொண்டது. ஒரே ஆட்டத்தில் அதிகம் என்றால் 1899 ஜனவரி 21: ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணியை டெர்பி 9–0 என்று சாத்தியது, அதில் ஆறு இவருடையது.

இங்கிலாந்துக்காக 23 ஆட்டம், 28 கோல். 1895-லிருந்து 1907 வரை. 23 குறைவாகத் தெரியும், ஆனால் அன்று இங்கிலாந்துக்கு வழக்கமாக ஆண்டுக்கு மூன்றே ஆட்டம்: அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து. முதல் பத்து ஆட்டத்திலும் தவறாமல் கோல் போட்டார், மொத்தம் 19. அதில் ஐந்து 1896 மார்ச்சில் கார்டிஃபில், வேல்ஸுக்கு எதிராக ஒரே மாலையில்.

பேரேடு:

பணக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். நேரடிப் பதில் முதலில்: 750 பவுண்டும் கிளப்புக்குக் கிளப் போன பணம். ஆட்டக்காரருக்கு விதிப்படி கிடைக்கக்கூடியது ஒப்பந்தம் போடும்போது தரும் முன்பணம் மட்டும். அதற்கு உச்சவரம்பு 10 பவுண்டு.

ஏன் அப்படி என்பதற்கு 1885-லிருந்து வர வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 20-ல்தான் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கூலிக்கு ஆடுவதைச் சட்டபூர்வமாக்கியது. அதுவும் மனமுவந்து அல்ல, லாங்கஷைர் கிளப்புகள் பிரிந்துபோய்விடும் என்ற பயத்தில். கூலி வாங்குபவர் ஆண்டுதோறும் பெயர் பதிய வேண்டும். கோப்பை ஆட்டத்தில் ஆட வேண்டுமென்றால் கிளப் மைதானத்திலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும். 1888-ல் 12 கிளப்புகளோடு லீக் வந்தது. ஆட்டக்காரர்கள் அதிகக் கூலிக்குக் கிளப் மாறத் தொடங்கினார்கள். கிளப்புகளுக்கு அது பிடிக்கவில்லை.

1893-லிருந்து லீக் இறக்கிய ஏற்பாடு இப்படி வேலை செய்தது. ஒப்பந்தம் ஒரு சீசனுக்குத்தான். சீசன் முடிந்ததும் கிளப் இரண்டு பட்டியல் அனுப்பும்: வைத்துக்கொள்பவர்கள், டிரான்ஸ்ஃபருக்கு விடுபவர்கள். முதல் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும், புதுக் கூலி உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றாலும், வேறு எந்த லீக் கிளப்பும் உங்களைத் தொட முடியாது. பழைய கிளப் உங்களுக்குக் கூலி தர வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டாவது பட்டியலில் இருந்தால், உங்கள் தலைக்குப் பழைய கிளப் வைத்த விலையை யாராவது கட்டினால்தான் போகலாம். தப்பிக்க இருந்த ஒரே சந்து சதர்ன் லீக். அது தனி அமைப்பு, இந்தப் பட்டியலை மதிக்கவில்லை. 1910-ல் இரண்டு லீக்கும் ஒருவர் பட்டியலை ஒருவர் மதிப்பதாகக் கைகுலுக்கிக்கொண்டதோடு அந்தச் சந்தும் அடைபட்டது.

இதற்கு மேலே 1901–02 சீசனிலிருந்து உச்சவரம்பு: வாரம் 4 பவுண்டு. அதற்குமுன் பெரிய கிளப்புகளின் முன்னணி ஆட்டக்காரர்கள் அதைவிடக் கூடுதலாகவே வாங்கினார்கள். புளூமரின் ஆட்டம் உச்சத்தில் இருந்த வருடங்களில் அவர் சம்பளத்துக்குக் கூரை போட்டார்கள் என்பதுதான் உங்கள் கட்டுரையின் மையமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அளவு புரிய: 1 பவுண்டு 20 ஷில்லிங், 1 ஷில்லிங் 12 பென்ஸ். 1892-ல் 18 வயதில் டெர்பியில் சேர்ந்தபோது அவருக்கு வாரம் 7 ஷில்லிங் 6 பென்ஸ். அதை வைத்துச் சாப்பிட முடியாது, பட்டறை வேலையும் கூடவே ஓடியது. 4 பவுண்டு என்பது 80 ஷில்லிங், அதாவது தொடக்கக் கூலியைப் போல் பத்து மடங்குக்கு மேல். கைத்தொழில் தெரிந்த ஒரு தொழிலாளியின் வாரக் கூலியைவிட நிச்சயம் அதிகம். அதனால் "வறுமையில் வாடினார்" என்று எழுதாதீர்கள். அவர் அடித்த கோலைப் பார்க்க வந்த கூட்டத்தின் நுழைவுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால்தான் அந்த 4 பவுண்டு சிறுத்துப்போகும். பூட்ஸ் விளம்பரத்துக்கும் டானிக் விளம்பரத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். அது கூரைக்கு வெளியே வரும் காசு.

டெர்பி ஏன் விற்றது? கிளப்பில் பணத் தட்டுப்பாடு, அவருக்கு வயது 32. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மிடில்ஸ்பரோ ஏன் வாங்கியது என்றால் கீழே விழும் நிலை. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆல்ஃப் காமனை சண்டர்லாந்திடமிருந்து 1,000 பவுண்டுக்கு எடுத்திருந்தார்கள். நான்கு இலக்கத்தைத் தொட்ட முதல் டிரான்ஸ்ஃபர் அது.

கடைசிபெஞ்ச்:

அருமை சார். ஒரு சந்தேகம். 4 பவுண்டுதான் உச்சம் என்றால் டெர்பியிலும் அதே, மிடில்ஸ்பரோவிலும் அதே. அவ்வளவு தூரம் வடக்கே போவதில் இவருக்கு என்ன லாபம்? மேசைக்கு அடியில் ஏதாவது?

பேரேடு:

இந்த இடத்தில் பேனாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள். அந்தக் காலகட்டத்தில் மிடில்ஸ்பரோ கணக்குப் புத்தகத்தைக் கால்பந்துச் சங்கம் புரட்டியது, விதிமீறிய பணம் கொடுத்ததைக் கண்டுபிடித்தது, 250 பவுண்டு அபராதம் போட்டது, 12 இயக்குநர்களில் 11 பேரை இடைநீக்கம் செய்தது. அது கிளப் பற்றிய உண்மை. அதை வைத்து "புளூமரும் வாங்கினார்" என்று எழுதினால் அது உங்கள் கற்பனை. இதே மாதிரி மாட்டிய மான்செஸ்டர் சிட்டி கிளப் விவகாரத்தில் நிலைமை வேறு. அங்கே 1906-ல் 17 ஆட்டக்காரர்களுக்குப் பெயர் சொல்லித் தடை விதித்தார்கள், பில்லி மெரிடித் உட்பட.

லாபம் இருந்ததா என்பதைவிட, மறுக்க வழி இருந்ததா என்று கேளுங்கள். மறுக்கலாம். ஆனால் மறுத்தவரை அணியில் எடுக்க வேண்டிய கட்டாயம் கிளப்புக்கு இல்லை. 1907 டிசம்பரில் மான்செஸ்டரில் மெரிடித், சார்லி ராபர்ட்ஸ் போன்றவர்கள் ஆட்டக்காரர் சங்கம் தொடங்கியதற்குக் கூலி உச்சவரம்பு, ஆளைப் பிடித்துவைக்கும் பட்டியல் என்ற இந்த இரண்டு விதிகளும்தான் காரணம். காயத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமையை அவர்களால் வாங்க முடிந்தது. 1909-ல் கிரிஸ்டல் பேலஸ் வழக்கில் கால்பந்தாட்டக்காரரும் இழப்பீட்டுச் சட்டத்தின்படி தொழிலாளியே என்று தீர்ப்பாயிற்று. டிரான்ஸ்ஃபர் முறையை மட்டும் அசைக்க முடியவில்லை. 1912-ல் ஹாரி கிங்கபி வழக்குத் தோற்று, சங்கமே கடனில் மூழ்கும் நிலைக்குப் போனது. கூலி உச்சவரம்பு போனது 1961-ல். ஆளைப் பிடித்துவைக்கும் முறை கோர்ட்டில் உடைந்தது 1963-ல், ஜார்ஜ் ஈஸ்தம் வழக்கில்.

தோல்பந்து:

ஒப்பிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒப்பிடலாம், ஆனால் விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

புளூமர் ஆடிய காலம் முழுக்க ஆஃப்சைடு மூன்று பேர் விதி. பந்து உதைபடும் நொடியில் உங்களுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேராவது இருக்க வேண்டும், கீப்பரையும் சேர்த்து. அன்றைய அமைப்பில் பின்னால் ஃபுல்பேக் இரண்டே பேர். அதில் ஒருவர் நாலடி முன்னேறி நின்றாலே ஃபார்வர்ட் வரிசை மொத்தமும் மாட்டிக்கொள்ளும். 1907 வரை சொந்தப் பாதியில் நின்றாலும் ஆஃப்சைடு உண்டு. 1925-ல் மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள். முதல் டிவிஷனில் 462 ஆட்டத்தில் 1,192 கோல் என்றிருந்தது, அடுத்த சீசனிலேயே அதே 462 ஆட்டத்தில் 1,703 ஆனது. பின்னாளில் வந்த ஃபார்வர்ட் டிக்ஸி டீன் 1927–28-ல் ஒரே சீசனில் 60 கோல் அடித்தது இந்தத் திறந்த கதவு வழியாக. நான் டீனைக் குறைத்துச் சொல்லவில்லை. புளூமருக்கு அந்தக் கதவு மூடியிருந்தது என்கிறேன்.

அதனால்தான் அவருடைய ஆட்டமுறையையும் கட்டுரையில் சொல்ல வேண்டும். ஐந்து ஃபார்வர்ட் ஆடும் வரிசையில் அவர் இன்சைடு ரைட், நடு ஃபார்வர்டுக்கும் வலது விங்குக்கும் இடையில். முன்னால் போய்க் காத்து நிற்க முடியாது, விசில் ஊதிவிடுவார்கள். பந்துக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, அது உருண்டுகொண்டிருக்கும்போதே அடிக்க வேண்டும். இரண்டு காலாலும் அடிப்பார். காலைப் பெரிதாகப் பின்னுக்கு இழுக்க மாட்டார், அதனால் எப்போது அடிக்கப்போகிறார் என்று கீப்பருக்குத் துப்புக் கிடைக்காது. பந்து புல்லை உரசிக்கொண்டு போகும். வெளிறிய முகம், ஒல்லி உடம்பு. தோளால் இடித்துத் தள்ளுவது சட்டபூர்வமாக இருந்த காலத்தில் இந்த உடம்போடு 40 வயது வரை முதல் டிவிஷனில் நின்றார் என்றால், இடி வருவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுவதுதான் ரகசியம். பாஸ் சரியாக வரவில்லை என்றால் சொந்த அணிக்காரர்களையே மைதானத்தில் வைத்துத் திட்டுவார் என்ற பெயரும் உண்டு. டெர்பியில் இவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் பிரெஸ்டன் கிளப்பிலிருந்து வந்த ஜான் குடால். பாஸ் ஆட்டம் அங்கிருந்து வந்த பாடம்.

பந்தைப் பற்றி ஒரு கட்டுக்கதை ஊரெல்லாம் சுற்றுகிறது: அந்தக் காலப் பந்து இப்போதையதைவிட மிகக் கனம் என்று. காய்ந்திருக்கும்போது இல்லை. அன்றைய விதி 13 முதல் 15 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 370 முதல் 425 கிராம். 1937-ல்தான் 14–16 அவுன்ஸ் ஆக்கினார்கள், இன்றைய 410–450 கிராம் அதை ஒட்டியது. அன்றைய தொல்லை வேறு. தோல் தண்ணீர் குடிக்கும். ஜனவரி மாதச் சேற்றில் இரண்டாம் பாதிக்குள் ஊறிக் கனத்துவிடும், தையல் விட்டு உருண்டையும் கெடும். உள்ளே ரப்பர் பிளாடர். காற்றடித்து, வாயைக் கட்டி உள்ளே தள்ளி, மேலே லேஸ் போட்டு இறுக்குவார்கள். அந்த லேஸ் இருக்கும் பக்கம் மட்டும் புடைத்து நிற்கும். தலையால் முட்டும்போது அது நெற்றியில் பட்டால் கிழித்துவிடும். தரையோடு அடிப்பவருக்கு அந்த வம்பு கொஞ்சம் குறைவு.

இன்னும் இரண்டு: 1912 வரை கீப்பர் தன் பாதி முழுவதிலும் பந்தைக் கையால் பிடிக்கலாம். 1902 வரை இப்போது நாம் பார்க்கும் பெட்டி கிடையாது. 12 கஜத்தில் மைதானத்தின் குறுக்கே ஒரு கோடு, அதில் எந்த இடத்திலிருந்தும் பெனால்ட்டி அடிக்கலாம், கீப்பரும் ஆறு கஜம் வரை முன்னேறி வரலாம். படம் போடுவதாக இருந்தால் 1890-களின் ஆட்டத்துக்கு இப்போதைய மைதானக் கோடுகளை வரைந்துவிடாதீர்கள்.

இருன்எல்லை:

"போர்க் கைதி" வேண்டாம். அவர் படைவீரர் இல்லை. "தடுத்துவைக்கப்பட்ட சிவிலியன்" என்பதே சரி.

1914 ஜூலையில் பெர்லினின் பிரிட்டானியா கிளப்புக்குப் பயிற்சியாளராகப் போனார். போய்ச் சேர்ந்த சில வாரத்தில் போர். நவம்பர் 6-ல் 17 முதல் 55 வயது வரையிலான பிரிட்டிஷ் ஆண்களை அடைக்க உத்தரவு வந்தது. இடம் ஸ்பாண்டாவ் பக்கத்தில் ரூலேபன் குதிரைப் பந்தய மைதானம். தங்கவைத்தது லாயத்தில், ஒரு குதிரை நிற்கும் தடுப்புக்கு ஆறு பேர். 1915 மார்ச்சில் பந்தயத் திடலின் ஒரு பகுதியைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. உள்ளே இருந்தவர்கள் உடனே தங்களுக்கென்று ஒரு கால்பந்துச் சங்கம், லீக், கோப்பை எல்லாம் ஏற்படுத்திக்கொண்டார்கள்.

கூட இருந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஃப்ரெட் பென்ட்லண்ட், மிடில்ஸ்பரோவில் புளூமரோடு ஆடியவர், ஜெர்மன் ஒலிம்பிக் அணிக்குப் பயிற்சி தர வந்து மாட்டியவர். சாம் உல்ஸ்டன்ஹோம், இங்கிலாந்துக்கு ஆடியவர். ஜான் கேமரன், 1901-ல் டாட்டன்ஹாம் கிளப் எஃப்.ஏ. கோப்பை வென்றபோது அதன் மேனேஜரும் ஆட்டக்காரரும். பேரேடு சொன்ன 1907 சங்கத்துக்கு முன்பே, 1898-ல் ஒரு ஆட்டக்காரர் சங்கம் தொடங்கி மங்கிப்போனது. அதன் செயலாளர் இதே கேமரன். லீக் கிளப்பை விட்டு, சதர்ன் லீக்கில் இருந்த டாட்டன்ஹாமுக்கு வந்தவர் என்பதால் மேலே சொன்ன சந்துக்கு இவரே நல்ல உதாரணம்.

1918 மார்ச்சில் புளூமரை நெதர்லாந்துக்குப் போக விட்டார்கள். அங்கே ஆம்ஸ்டர்டாமின் பிளாவ்-விட் கிளப்புக்குக் கொஞ்ச நாள் பயிற்சி, போர் முடிந்ததும் டெர்பி.

கட்டுரைகளில் எல்லோரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். 1923-ல் ஸ்பெயினில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கும் இருன் ஊருக்கு, ரெயால் யூனியன் கிளப்புக்குப் பயிற்சியாளராகப் போனார். 1924-ல் அரையிறுதியில் பார்சலோனாவையும் இறுதியில் ரெயால் மாட்ரிட்டையும் வென்று ஸ்பெயின் கோப்பை. இறுதி ஆட்டம் சான் செபாஸ்டியனில், 1–0. அதற்கு முந்தைய ஆண்டு அதே கோப்பையை வென்ற அத்லெட்டிக் பில்பாவோவின் பயிற்சியாளர் யார் தெரியுமா? பென்ட்லண்ட். ரூலேபன் லாயத்தில் கிடந்த இரண்டு பேர் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஸ்பெயின் கோப்பையைத் தூக்கியிருக்கிறார்கள்.

ஸ்கோர்புக்:

இருன்எல்லை சொன்னதோடு ஒட்டி: ஆட்டக்காரராகப் புளூமருக்கு லீக் பட்டமும் இல்லை, எஃப்.ஏ. கோப்பையும் இல்லை. 1895–96-ல் டெர்பி இரண்டாமிடம். 1898 இறுதியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 3–1, டெர்பியின் ஒரே கோல் இவருடையது. 1899-ல் ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் 4–1. 1903-ல் டெர்பி மறுபடி இறுதிக்குப் போய் பரி கிளப்பிடம் 6–0 என்று உதைவாங்கியது. அதில் காயத்தால் இவர் ஆடவில்லை. "மூன்று இறுதி ஆட்டத்தில் தோற்றார்" என்று பல இடத்தில் இருக்கும், இரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் டிவிஷன் சாம்பியன் பட்டம் ஒன்றுதான் லீக்கில் கையில் வந்தது.

"முதல் தொழில்முறை ஆட்டக்காரர்களில் ஒருவர்" என்று தலைப்புப் போடுவதாக இருந்தால் யோசியுங்கள். கூலி ஆட்டம் சட்டபூர்வமானபோது அவருக்கு 11 வயது. இரண்டாம் தலைமுறை என்பது பொருந்தும். பையனாக இருக்கும்போதே இதைத் தொழிலாக நினைத்துப் பார்க்க முடிந்த முதல் வரிசை.

தோல்பந்து:

டெர்பியின் பழைய மைதானம் "பேஸ்பால் கிரவுண்ட்" என்றிருப்பதைப் பார்த்து எழுத்துப்பிழை என்று மாற்றிவிடாதீர்கள். வார்ப்பட ஆலை முதலாளி ஃபிரான்சிஸ் லே அமெரிக்காவில் பார்த்த ஆட்டத்தைத் தன் தொழிலாளர்களுக்காகக் கொண்டுவந்து அமைத்த இடம் அது. கால்பந்து அணி 1895-ல் அங்கே குடிவந்தது, 1997-ல் பிரைடு பார்க்குக்கு மாறியது. புளூமரின் மார்பளவுச் சிலையை 2009-ல் திறந்துவைத்தது புது மைதானத்தில். கோடையில் புளூமர் அந்த பேஸ்பால் அணியிலும் செகண்ட் பேஸ் என்ற இடத்தில் ஆடினார். 1895, 1897, 1899 ஆண்டுகளில் டெர்பி பிரிட்டிஷ் பேஸ்பால் சாம்பியன். கால்பந்தில் கிடைக்காத முதல்தரப் பட்டம் அவருக்கு அதில் கிடைத்தது, கட்டுரையில் ஒரு பத்தி கொடுங்கள்.